ஊட்டிக்குப் போக ஒரு புதன்கிழமை

வெள்ளைக்காரன் காலத்தில் கோடை வந்தால் மெட்ராஸ் அரசாங்கமே ஃபைல்களோடு ஊட்டிக்கு ஏறிவிடும். இன்றைய ஆபீஸ் ஊழியருக்கு மிச்சம் சனி, ஞாயிறு மட்டுமே. மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கி.மீ. மலை ரயிலில் ஏறவே சுமார் 5 மணி நேரம். பிறகென்ன, திங்கள் காலை கொட்டாவியோடு ஆபீஸ்!

எல்லாரும் ஒரே நாளில் ஏறினால் மலை தாங்குமா? 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிதான் என்று சென்னை உயர்நீதிமன்றம் வரம்பு போட்டது. பழி மட்டும் டூரிஸ்ட் தலையில். ஞாயிற்றுக்கிழமை குன்னூர் மார்க்கெட்டுக்கு இறங்கும் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் அதே நெரிசலில்தான் சிக்குகிறார்.

புதன்கிழமை லீவு கேட்டால் முகம் சுளிக்கும் மேனேஜர்களே, அது பிச்சை இல்லை, உழைத்துச் சேர்த்த லீவு. கொடுத்துப் பாருங்கள். ஊழியரும் பிழைப்பார், மலையும் பிழைக்கும்.