சாவி யார் கையில்?

மும்பையில் பழைய சால்களும் குடிசைப் பகுதிகளும் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் எழும்பி வருகின்றன. கோலியைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததும் நம்மவர்களுக்கு இரண்டு கவலைகள் பிறக்கின்றன. மனிதர்கள் எங்கே தங்குவது என்பது ஒன்று. சாமான்களை எங்கே வைப்பது என்பது மற்றொன்று. முதல் கவலைக்கு மாத வாடகை என்றோ, டிரான்சிட் முகாம் என்றோ பில்டர் ஏதோ ஒரு பதில் சொல்கிறார். இரண்டாவது கவலைக்குப் பதில் சொல்வார் இல்லை.

பத்துக்குப் பத்து அறைதான் என்றாலும் அதில் ஒரு குடும்பத்தின் இருபது, முப்பது ஆண்டுச் சம்பாத்தியம் இருக்கிறது. பீரோ, கட்டில், தையல் மிஷின், கிரைண்டர், மகள் கல்யாணத்துக்கென்று சிறுகச் சிறுக வாங்கிய பித்தளை, எவர்சில்வர் பாத்திரங்கள். தற்காலிகமாகக் கிடைக்கும் அறையில் இவை அடங்குவதில்லை. ஊருக்குப் பார்சலில் அனுப்பினால் போக ஒரு செலவு, திரும்பி வர ஒரு செலவு. ஸ்டேஷன் குளோக் ரூமில் போடலாமா என்று கேட்பவர்களும் உண்டு. அது டிக்கெட் வைத்திருக்கும் பயணி, பூட்டிய பெட்டியைச் சில நாள் வைத்துச் செல்லும் இடம். குடித்தனச் சாமான்களுக்கு உரிய இடமல்ல.

ஆகவே, வாடகைக்கு ஓர் அறை பிடித்துச் சாமான்களைப் போட்டு வைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. வசதியுள்ளவர்கள் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்கும் கம்பெனிகளிடம் போகிறார்கள். மற்றவர்கள் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு கடை அறையையோ, ஊர்க்காரர் வீட்டு மாடியையோ எடுக்கிறார்கள். எங்கே வைத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சாவி யார் கையில்?

ரசீது இல்லாத சாமான்

இது வெறும் பூட்டுச் சாவி விஷயமல்ல. பிறர் பொருளைப் பொறுப்பேற்று வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளைக் காப்பது போல அதைக் காக்க வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. சாவி நம்மிடமே இருந்தால், "நான் இடத்தைத்தான் கொடுத்தேன், சாமானை ஏற்கவில்லை" என்று அறைக்காரர் சொல்லலாம். சாவியை வாங்கிக்கொண்டு சாமானையும் ஏற்றவர் அத்தனை எளிதில் கைகழுவ முடியாது. இரண்டாவது சாவி யாரிடம், கூரை ஒழுகினால் யார் பொறுப்பு, வாடகை தவறினால் எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்த பிறகு சாமானைத் தொடலாம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவின்படி, ஊழியர் புக் செய்து ரசீது கொடுத்தால் ஒழிய, லக்கேஜ் தொலைந்ததற்கு ரயில்வே பொறுப்பாகாது. பயணி தன்னுடன் எடுத்துச் செல்லும் சாமான் தொலைந்தால், ஊழியரின் கவனக்குறைவு அல்லது தவறான நடத்தை என்பதையும் நிரூபிக்க வேண்டும். பார்சல் ஆபீஸ் கவுண்டரில் ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்குக்கூட ரசீதை மடித்துப் பத்திரமாகப் பையில் வைக்கும் நம்மவர், லட்ச ரூபாய்ச் சாமானை வாய்ச்சொல்லை நம்பி ஒருவர் மாடியில் ஏற்றிவிட்டு வருவது வேடிக்கை.

"ஊர்க்காரரிடம் எழுதி வாங்குவதா? உறவு கெட்டுவிடுமே!" என்பார்கள். எழுதி வாங்கியதால் கெட்ட உறவுகள் சில இருக்கலாம். எழுதாமல் விட்டதால் கெட்டவையே பல. இரண்டு வருஷம் கழித்து, குக்கர் இருந்ததா இல்லையா என்ற பேச்சு வந்தால், இரு பக்கமும் நியாயமானவர்களாக இருந்தும் கசப்புதான் மிச்சம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் சாமான் பட்டியல், இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து. வைப்பவருக்கு மட்டுமல்ல, இடம் கொடுத்தவருக்கும் அதுவே பாதுகாப்பு.

கட்டும் விதம்

அறையைப் பார்க்கும்போது, 2005 ஜூலை 26-ஆம் தேதி தண்ணீர் எங்கே நின்றது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று மூழ்கிய தரைத்தள அறை எத்தனை மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பூட்டு மட்டும் நல்லதாக இருந்தால் போதாது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே தொங்கவிட்டாலும், நாதாங்கியின் திருகாணிகள் வெளியே தெரிந்தால் ஒரு ஸ்குரூ டிரைவர் போதும். கதவைச் சாத்தினால் திருகாணி மறைய வேண்டும்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரமே எதிரி. எதையும் வெறும் தரையில் வைக்காமல், செங்கல் அடுக்கி மேலே பலகை போட்டு வையுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே அடுக்குங்கள். மெத்தை, தலையணைகளை இரண்டு நாள் வெயிலில் காயப்போட்டுப் பழைய புடவையில் கட்டுங்கள். பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே நின்று பூசணம் பூக்கும். பிரிட்ஜை முந்தைய நாளே நிறுத்தித் துடைத்து, கதவு சற்றே திறந்திருக்கும்படி வைக்க வேண்டும். தையல் மிஷினுக்கு எண்ணெய் போடுங்கள். அரிசி, பருப்பு ஒரு பிடிகூட உள்ளே போகக் கூடாது. எலிக்கு அதுவே அழைப்பு. மண்ணெண்ணெய் கூடாது. கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து வவுச்சர் வாங்குங்கள்.

கனமானது அடியில், முதலில் தேவைப்படுவது வாசலருகே, நடுவில் ஓர் ஆள் நடக்க வழி. ஒவ்வொரு மூட்டைக்கும் வெளியே ஒரு நம்பர், உள்ளே பெயரும் நம்பரும் எழுதிய சீட்டு. வெளிச்சீட்டு கிழிந்தால் உள்சீட்டு பேசும். மாதம் ஒருமுறை போய்த் திறந்து பார்க்கவும் தவறக் கூடாது.

உள்ளே போகக் கூடாதது

எல்லாவற்றிலும் முக்கியமானது இனிமேல்தான். நகையையும் பணத்தையும் யாரும் மூட்டைக்குள் வைப்பதில்லை. ஆனால் அவற்றைவிட விலை உயர்ந்த காகிதங்களை, பீரோவின் அடித்தட்டில் இருந்தபடியே பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். மராட்டிய அரசின் குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில், 1.1.2000-க்கு முன்பிருந்தே குடியிருப்பதாக நிரூபிப்பவருக்குத்தான் இலவச வீடு. அந்த நிரூபணம் பழைய மின்கட்டண ரசீதிலும், ரேஷன் கார்டிலும், வாக்காளர் பட்டியல் நகலிலும், போட்டோ பாஸிலும் இருக்கிறது. கட்டில் போனால் இன்னொரு கட்டில் வாங்கலாம். இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய கரண்ட் பில் போனால் எந்தக் கடையில் வாங்குவது? அசலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு நகலை ஊரில் பெற்றோரிடமோ உடன்பிறந்தோரிடமோ கொடுத்து வையுங்கள்.

தனி மனிதர் ஜாக்கிரதையாக இருந்தால் மட்டும் போதாது. காலி செய்யச் சொல்பவர், சாமான் வைக்கவும் நனையாத இடம் காட்ட வேண்டும், அல்லது அதற்கான வாடகையையும் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே குடியிருப்போர் சங்கங்கள் கையெழுத்திட வேண்டும். நம் தமிழர் அமைப்புகளும் விழா மேடையோடு நின்றுவிடாமல், வட்டாரத்துக்கு ஒன்றாக மாடியில் ஓர் உலர்ந்த அறை, ஒரு பதிவேடு, பொறுப்பான இருவர் என்று ஏற்பாடு செய்யலாம். பெரும் பணம் தேவையில்லை. நோட்டீஸ் வந்த பிறகு ஓடுவதைவிட, இந்த மழைக்காலம் முடிவதற்குள் கூடிப் பேசினால் நல்லது.