பலகை இல்லாத தடைக்குத் தண்டமா?

நிறுத்தக் கூடாத இடத்தில் வாகனத்தை நிறுத்தினால் தண்டம் கட்டத்தான் வேண்டும். இதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால், நிறுத்தக் கூடாது என்பதை அந்த இடம் சொல்லவே இல்லை என்றால் என்ன செய்வது? பலகை துருப்பிடித்து எழுத்து அழிந்திருக்கிறது. வீதியில் பூசிய கோடு புதிய தாருக்கு அடியில் போய்விட்டது. அல்லது பலகை ஒரு கடைப் பதாகைக்குப் பின்னால் மறைந்து கிடக்கிறது. அப்போதும் வாய் பேசாமல் கட்டிவிட்டுப் போவதுதான் முறையா?

எமது வர்த்தகர்களில் பெரும்பாலானோர் அப்படித்தான் கட்டிவிட்டுப் போகிறார்கள். "சின்னச் சல்லிக்கு ஏன் கோட்டுக்குப் போக வேண்டும்?" என்பதே அவர்களின் நியாயம். தனி ஒருவரின் கணக்கில் அந்த நியாயம் சரியானதுதான். ஆனால் ஒரு தெருவின் கணக்கில், ஒரு சந்தையின் கணக்கில் அது பெரும் நட்டம் என்பதே எமது கருத்தாகும்.

புறக்கோட்டையின் ஒரு குறுக்குத் தெருவை எடுத்துக்கொள்வோம். அக்கரைப்பற்றிலிருந்தோ மன்னாரிலிருந்தோ கொள்முதலுக்கு வரும் லொறி, சரக்கை ஏற்றும் வரை எங்காவது நின்றுதான் ஆக வேண்டும். நாட்டாமிமார் மூட்டைகளைத் தோளில் சுமந்து வந்து சேர்ப்பதற்குள் தண்டப்பத்திரம் எழுதி முடிந்திருக்கும். சாரதி அனுமதிப்பத்திரத்தைப் பொலிஸார் வாங்கிக்கொண்டு, 14 நாட்களுக்குச் செல்லுபடியாகும் தற்காலிக அனுமதியாகத் தண்டப்பத்திரத்தைத் தருகிறார்கள். தபாலகத்தில் பணம் கட்டிய பின்னர், பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீளப் பெறுவதற்காக அதே பொலிஸ் நிலையத்துக்கு மீண்டும் வர வேண்டியிருக்கிறது. வெளியூர்ச் சாரதிக்குத் தண்டத்தை விட இந்தப் பயணமே பெரிய செலவு. போன நாளும் போச்சு, உழைப்பும் போச்சு.

கட்டுவதற்கான முறை இப்போது இலகுவாகி வருகிறது. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் ஆரம்பித்த 'கவ்பே' இணையக் கட்டண முறையின் ஊடாகப் போக்குவரத்துத் தண்டங்களைக் கைத்தொலைபேசியிலேயே செலுத்தும் வசதியும் அதே ஆண்டில் படிப்படியாக அறிமுகமானது. இது வரவேற்கத்தக்கது. ஆனால் கட்டுவது எவ்வளவு இலகுவாகிறதோ, கேள்வி கேட்பதும் அவ்வளவு அரிதாகும். கட்டிவிட்டால் விடயம் அத்துடன் முடிந்தது. பிழையான இடத்தில் எழுதப்பட்ட பத்திரமும் சரியான பத்திரமாகவே கணக்கில் சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஸ்தலத் தண்டம் என்பது நீதிமன்றத்தின் தீர்ப்பு அல்ல. வழக்குத் தொடர்வதற்குப் பதிலாகத் தரப்படும் ஒரு வாய்ப்பு மட்டுமே. 14 நாட்களுக்குள் கட்டலாம். அதைத் தாண்டினால் 28 நாட்கள் வரை இரட்டிப்பாகக் கட்ட வேண்டும். அதற்கும் பிறகு விடயம் நீதிவான் நீதிமன்றத்துக்குச் செல்லும். ஆகவே "நான் குற்றவாளி அல்ல" என்று சொல்ல விரும்புபவருக்கு உரிய இடம் நீதிமன்றமே. வீதியில் நின்று உத்தியோகத்தருடன் சத்தம் போடுவதால் ஆகப் போவது எதுவுமில்லை. வழக்காடத் தீர்மானித்தவர் நாட்களைக் கடத்தாமல், அதைப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு ஆரம்பத்திலேயே எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றைத் தன்னிடம் வைத்துக்கொள்வது நல்லது. தற்காலிக அனுமதி முடிந்த பின் சாரதி எப்படி வாகனம் ஓட்டுவது என்பதையும் முதல் நாளே ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஏனெனில் வழக்காடுவதன் உண்மையான விலை அங்கேதான் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். பலகை இல்லாத இடமெல்லாம் வாகனத் தரிப்பிடம் ஆகிவிடாது. பாதசாரிக் கடவையில், சந்தியின் வாயிலில், வளைவில், நடைபாதையில் நிறுத்திவிட்டு "பலகை எங்கே?" என்று கேட்பது நியாயமில்லை. போக்குவரத்துக்கு இடையூறாக நிறுத்துவதும் தனியான ஒரு குற்றம். ஆகவே பத்திரம் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அதில் எழுதப்பட்டுள்ள குற்றம் என்ன என்பதைத்தான். இடையூறு என்று எழுதப்பட்டிருந்தால் பலகை இல்லாதது உங்களைக் காப்பாற்றாது. தடை செய்யப்பட்ட இடத்தில் தரித்தமை என்று எழுதப்பட்டிருந்தால் மாத்திரமே தடை எங்கே அறிவிக்கப்பட்டது என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்வி வலுவானது. சட்டம் தெரியாது என்று எவரும் தப்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு தெருவின் குறிப்பிட்ட ஐம்பது அடி நீளத்தில் மட்டும் நிறுத்தக் கூடாது என்பதை எந்தச் சட்டப் புத்தகத்தைப் புரட்டியும் அறிய முடியாது. அதைச் சொல்ல வேண்டியது அங்கே நாட்டப்பட்ட பலகையும் பூசப்பட்ட கோடுமே. வீதிச் சமிக்ஞைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1987ஆம் ஆண்டு வர்த்தமானியில் வெளியான ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. சாரதி விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்றால், பலகை நாட்டுபவரும் அவற்றைப் பின்பற்றத்தான் வேண்டும்.

நீதிமன்றத்தில் பேச்சை விட ஆதாரமே பேசும். பத்திரம் எழுதப்பட்ட அன்றே, அதே இடத்தில், படங்கள் எடுக்க வேண்டும். வாகனம் நின்ற இடம், தெருவின் இரு முனைகள், பலகை இருந்தால் அது சாரதியின் இருக்கையிலிருந்து எப்படித் தெரிகிறது என்பது, கடைகளின் பெயர்கள் ஆகிய அனைத்தும் படத்தில் இருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தில் புதிய பலகை பளபளக்கலாம். படங்களைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிடாதீர்கள். இத்தகைய பதிவுகளைச் சாட்சியமாகச் சமர்ப்பிப்பது பற்றி 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே மறுதரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. எனவே கடைசி நேரத்தில் தொலைபேசியை நீட்டிப் பயனில்லை. நீதிமன்ற மொழி விளங்காதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பு வழங்கியிருக்கிறது. மொழி தெரியாத காரணத்துக்காகக் குற்றத்தை ஒப்புக்கொண்டு வீடு திரும்புவோர் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது வழியொன்றும் இருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்த, எவரும் பேச விரும்பாத வழி. பத்திரம் எழுதுமுன் கையில் எதையாவது திணித்துவிடுவது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் இலஞ்சம் வாங்குபவர் மட்டுமல்ல, கொடுப்பவரும் குற்றவாளியே. சிறிய போக்குவரத்துப் பத்திரம் ஒன்றிலிருந்து தப்புவதற்குப் பெரிய குற்றமொன்றைச் செய்வது எந்த வியாபாரக் கணக்கிலும் இலாபமாகாது. அத்துடன், இன்று நாம் கொடுப்பது நாளை அந்தத் தெருவில் நிறுத்தும் எல்லோருக்குமான கட்டணமாகிவிடும். அழிந்த பலகை அழிந்தபடியே இருப்பது சிலருக்கு வசதியாகவும் ஆகிவிடும்.

நாமும் நம்மைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும். கடைத் தெருக்களில் வீதிப் பலகைகளை மறைத்துக்கொண்டிருப்பவை பல வேளைகளில் எமது பதாகைகளும் கூடாரச் சீலைகளுமே. கடை வாசலில் வேறெவரும் நிறுத்தக் கூடாதென்று கதிரையும் கல்லும் வைப்பவர்களும் நாம்தான். அது எந்த வர்த்தமானியிலும் இல்லாத தடை. இன்னொன்றும் உண்டு. "இங்கேயே நிப்பாட்டு, இப்ப ஏத்திரலாம்" என்று சொன்ன முதலாளி, பத்திரம் வந்ததும் அதைச் சாரதியின் சம்பளத்தில் கழிப்பது. கட்டளை முதலாளியுடையது என்றால் தண்டமும் அவருடையதே. அனுமதிப்பத்திரம் பறிபோனால் நாட்கூலியை இழப்பவர் சாரதி என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? தனி ஆளாக ஒவ்வொருவரும் வழக்காட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஊர்தோறும், தெருதோறும் வர்த்தக சங்கங்கள் இருக்கின்றன. வருடாந்தப் பொதுக் கூட்டமும் இராப்போசனமும் நடத்துவதோடு அவற்றின் கடமை முடிந்துவிடாது. அங்கத்தவர்களுக்குக் கிடைக்கும் தண்டப்பத்திரங்களின் பிரதிகளைச் சங்கம் சேகரித்து வைக்கட்டும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் எழுதப்படுகிறது என்றால் குறை சாரதிகளிடமா, வீதியிடமா என்பது அப்போது தானாகவே விளங்கும்.

அடுத்து, வீதி யாருக்குரியது என்று அறிய வேண்டும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. உள்வீதிகள் பெரும்பாலும் மாநகர சபை, நகர சபை அல்லது பிரதேச சபையின் பொறுப்பில் இருப்பவை. உரிய நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்த இடத்தில் தரித்தலைத் தடை செய்த தீர்மானம் எது? பலகை எப்போது நாட்டப்பட்டது? கோடு கடைசியாக எப்போது பூசப்பட்டது? 14 வேலை நாட்களுக்குள் அவர் தமது தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். திருப்தியில்லை என்றால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் அப்பால் ஆணைக்குழு இருக்கிறது. தண்டம் கட்டுவதற்கான 14 நாட்களுக்குள் இந்தப் பதில் வந்து சேராது. அதனால்தான் பத்திரம் எழுதப்பட்ட பின்பு அல்ல, அதற்கு முன்பே சங்கம் இதைக் கேட்டு வைத்திருக்க வேண்டும் என்கிறோம்.

பதில் கிடைத்ததும் பலகையைத் திருத்துமாறும், சரக்கு ஏற்றி இறக்குவதற்கு நேரம் ஒதுக்குமாறும் எழுத்தில் கோரலாம். அதன் பின்பும் அதே நிலை தொடர்ந்தால், ஆதாரம் தெளிவாக உள்ள ஒரேயொரு பத்திரத்தைத் தெரிவு செய்து, சட்டத்தரணியின் செலவைச் சங்கமே ஏற்று வழக்காடட்டும். தோற்றாலும் அந்தத் தெருவின் நிலை ஒரு நீதிவானின் முன் பதிவாகும். வென்றால் பலன் முழுத் தெருவுக்குமானது.

தெளிவான பலகையும் தெளிவான கோடும் இருக்கும் தெருவில் தண்டம் கட்ட எமக்குத் தயக்கமில்லை. ஆனால் சொல்லாத தடைக்கு வசூலிக்கப்படும் பணம் ஒழுங்கை வளர்க்காது, மனக்கசப்பையே வளர்க்கும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலில் இந்த ஒரு விடயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்கள் கடைப் பதாகைக்குப் பின்னால் ஏதாவது வீதிப் பலகை இருக்கிறதா என்று ஒருமுறை வெளியே வந்து பார்த்துவிடுங்கள்.