நலங்கு மாவு இருக்க நச்சுக் களிம்பு எதற்கு?



தீபாவளி நெருங்கினாலும் சரி, வீட்டில் ஒரு கல்யாணம் கூடிவந்தாலும் சரி, நம் பெண்களின் கண் முதலில் போவது அழகுப் பொருள்களின் பக்கந்தான். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எந்த ஊர்ப் பசார் மாலாமுக்குப் போனாலும் சிறுசிறு புட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஒருவர் கூவுகிறார். அங்கே வாங்காதவர்களுக்குக் கைப்பேசி வழியாக வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. உடம்பில் தேய்த்துக் குளிக்கும் 'ஸ்கிரப்' புட்டி ஒன்று இருபது, முப்பது வெள்ளி. அதில் நாலு பேர் குளித்தால் இரண்டு வாரத்துக்குக் கூட வராது. கையில் வரும் சம்பளத்தில் அரிசிக்கும் பள்ளிச் செலவுக்கும் கணக்குப் பார்க்கிற குடும்பத்துக்கு இது தேவைதானா?

இந்தத் தேய்ப்பு மாவு நமக்குப் புதிதல்ல. பால்வெட்டு முடிந்து வெயிலும் வியர்வையுமாக லயத்துக்குத் திரும்பிய நம் பாட்டிமார் பயற்றம் மாவைத் தேய்த்துத்தான் குளித்தார்கள். கல்யாணத்தில் மணமக்களுக்கு நலங்கு வைப்பதும் அந்த மாவினால்தான். அதனாலேயே அதற்கு நலங்கு மாவு என்று பெயர். கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது போல, அந்த மாவு போய்ப் புட்டி வந்துவிட்டது.

அந்த மாவு என்ன வேலை செய்கிறது? நம் தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. பழைய செல்கள் உதிர்கின்றன. அவற்றோடு வியர்வையும் எண்ணெயும் தூசியும் படிகின்றன. மாவு எண்ணெய்ப் பசையை உறிஞ்சி, உதிரவேண்டியதை மெல்லத் தேய்த்து எடுக்கிறது. கடைப் புட்டியில் உள்ளதும் இதே வேலையைத்தான் செய்கிறது. சில புட்டிகளில் பிளாஸ்டிக் மணிகளைக்கூடக் கலந்து வந்தார்கள். அவை ஆற்றிலும் கடலிலும் போய்ச் சேர்வதால் அமெரிக்கா 2015இல் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியது.

சரி, செய்முறைக்கு வருவோம்.

பச்சைப்பயறு 500 கிராம், பச்சரிசி 100 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, உலர்ந்த ஆவாரம்பூ ஆகியவை வகைக்கு 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம், உலர்ந்த ரோஜா இதழ் 25 கிராம். ஆக மொத்தம் 800 கிராம். பயறும் அரிசியும் பக்கத்து மளிகைக் கடையிலேயே கிடைக்கும். மற்றவற்றைக் கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பக்கம் போகிறவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பயறும் அரிசியும் மட்டுமே போதும். மற்றவை வாசனைக்கும் மனநிறைவுக்கும்.

எல்லாவற்றையும் நல்ல வெயிலில் இரண்டு நாள் காயவையுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். சரியாகக் காயாத மாவு பூஞ்சைபிடித்துவிடும். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். மில்லில் கொடுப்பதானால் ஒன்று முக்கியம்: உங்களுக்கு முன்னால் மிளகாய் அரைத்திருந்தால் அன்று அரைக்காதீர்கள். அந்த மாவைத் தேய்த்துக்கொண்டால் குளியலறையிலிருந்து அலறிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும். வீட்டில் அரைத்தால் இரண்டு முறை சலியுங்கள். மெல்லிய மாவு உடம்புக்கு. சல்லடையில் நிற்கும் கப்பி குதிகாலுக்கு.

ஒருவர் குளிக்க இரண்டு மேசைக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 20 கிராம் வேண்டும். 800 கிராமில் நாற்பது குளியல். நாலு பேர் உள்ள வீட்டில் வாரத்துக்கு ஒருமுறை தேய்த்தால் பத்து வாரம் வரும். அதற்குமேல் வைத்திருக்கவும் வேண்டாம், மணம் போய்விடும். கண்ணாடிப் புட்டியில் போட்டு, ஈரமில்லாத கரண்டியால் எடுங்கள். தண்ணீரிலோ தயிரிலோ குழைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள். ஆண்களுக்கு மஞ்சளை நீக்கி அரைக்கலாம்.

முழங்கை, முழங்கால், குதிகால் சொரசொரப்பாக இருந்தால், இரண்டு கரண்டி சீனியும் ஒரு கரண்டி தேங்காயெண்ணெயும் கலந்து தேய்க்கலாம். குளியலறைத் தரையில் எண்ணெய் வழுக்கும்; வயதானவர்கள் உட்கார்ந்து தேய்ப்பதே நல்லது. காலையில் வடிகட்டிய கோப்பித் தூளையும் அன்றே பயன்படுத்தலாம். ஆனால் நம் ஊர்க் கோப்பி பெரும்பாலும் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுத்தது, பிசுபிசுக்கும். ஒருநாள் விட்டுவைத்தால் பூஞ்சை காணும்.

நம் மலாய் அண்டைவீட்டார் செய்யும் பெடாக் சிஜோக்கையும் மறந்துவிடக்கூடாது. அரிசியைப் பலநாள் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, அரைத்து, பொட்டுப்பொட்டாக வெயிலில் காயவைப்பார்கள். தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன! அரிசியின் அருமையை அவர்களும் அறிவார்கள், நாமும் அறிவோம்.

சில எச்சரிக்கைகள். புண், சொறி, படை உள்ள இடத்தில் எதையும் தேய்க்கக்கூடாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மாவே வேண்டாம். அந்தத் தோல் மிக மெல்லியது. எலுமிச்சைச் சாறும் சோடா உப்பும் தோலை எரிக்கும். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் வீடு திரும்பியதும் சவர்க்காரம் போட்டுத் தண்ணீரில் நன்றாகக் கழுவவேண்டும். அன்று தேய்ப்பு மாவு கூடாது. தேய்த்துக் கீறின தோல் வழியே நஞ்சு எளிதாக உள்ளே போகும். பாராகுவாட் மருந்து நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியோடு தடைசெய்யப்பட்டாலும், வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன.

இத்தனையும் சொன்ன பிறகு, நான் இதை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். என் வகுப்பில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஒருத்தி, "டீச்சர், நலங்கு மாவு போட்டால் வெள்ளையாகிவிடுவேனா?" என்று கேட்டாள். ஆகமாட்டாய் என்றேன். "அப்படியென்றால் அக்கா வாங்கி வைத்திருக்கும் கிரீம்தான் நல்லது. அவள் முகம் ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது" என்றாள்.

ஒரே வாரத்தில் வெளுத்தது என்பதைக் கேட்டதும் நாம் மகிழக்கூடாது, பயப்படவேண்டும். அப்படி வெளுக்க வைக்கும் மலிவுக் களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கிறது. அதோடு தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கிறது. கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவையும் அது விடுவதில்லை. கேரளத்தின் கோட்டக்கல்லில் மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு ஒரே விதமான பாதிப்பு இருந்தது. அந்தப் 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்பு பூசியவர்கள்!

நம் நாட்டிலும் சுகாதார அமைச்சு பாதரசம் கலந்த களிம்புகளைக் கண்டுபிடித்து, அவற்றின் பெயரை அவ்வப்போது வெளியிடுகிறது. இங்கே முறைப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு 'நோட்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கவேண்டும். எண் இல்லாததைத் தொடாதீர்கள். எண் இருந்தாலும் அது உத்தரவாதம் ஆகாது. எண் பெற்ற பொருள்களிலும் நஞ்சு கண்டு ரத்து செய்திருக்கிறார்கள். களிம்பு பூசியவருக்குக் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்தாலோ, கை நடுங்கினாலோ, அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெட்கப்பட வேண்டியவர் விற்றவர்தான், வாங்கியவரல்ல.

நலங்கு மாவு ஒருநாளும் யாரையும் வெள்ளையாக்கியதில்லை. நம் பாட்டி அதைச் சுத்தத்துக்குத்தான் தேய்த்தாள், நிறத்துக்கல்ல. இந்தியாவில் 1975இல் கடைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' கூட, ஊர் உலகம் கேள்வி கேட்கத் தொடங்கியதும், 2020இல் தன் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. பெயரை மாற்ற ஒரு நிறுவனத்துக்கு 45 ஆண்டுகள் ஆயின. "கறுப்பாய் இருக்கிறாளே, யார் கட்டுவான்?" என்று பிள்ளையின் காதுபடப் பேசும் நம் வாய்ப்பழக்கத்தை மாற்ற அத்தனை ஆண்டு வேண்டாம். அந்தப் பேச்சுத்தான் பிள்ளையைக் களிம்புப் புட்டியின் பக்கம் தள்ளுகிறது.

வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு படி மாவு அரைத்துப் பாருங்கள். பயற்றை அவள் காயவைக்கட்டும், மாவை அவளே சலிக்கட்டும். உங்கள் வீட்டுப் பாட்டியின் அளவு நான் சொன்னதிலிருந்து மாறுபட்டால் இந்தப் பக்கத்துக்கு எழுதுங்கள், மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.