சிற்றூர்த் திருக்கோயில்கள்

புதுவைக்குத் தெற்கே, சுண்ணாம்பாற்றுக்கு அப்பால் உள்ளது பூரணாங்குப்பம். அதுபோன்ற சிற்றூர்களில் நம் முன்னோர் எழுப்பிய பழைய சிறு திருக்கோயில்களை இடித்துவிட்டுப் பெரியன கட்டும் வேட்கை இந்நாளில் மிகுந்து வருகின்றது. இது தக்கதா என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பூரணாங்குப்பத்திற்குச் சேய்மையிலன்று அரிக்கமேடு. 1945-இல் வீலர் என்னும் அறிஞர் அகழ்ந்து, உரோமருடன் தமிழர் நடத்திய வாணிகத்தை உலகறியச் செய்த இடம் அது. ஆங்கு நிலத்தின்மேல் நிற்கும் பாழ்ச்சுவர்களோ பதினெட்டாம் நூற்றாண்டுக் குருமடம் ஒன்றனுடையவை என்பர். சீயத்தில் மூண்ட போரால் அயுத்தியாவினின்று பெயர்ந்து, பின்னர்ப் புகுந்த இடத்தும் நிலைகொள்ள மாட்டாத குருமடம், 1770-இல் வீராம்பட்டினத்தில் அடைக்கலம் புகுந்தது. அதன் தலைவராகிய பிஞ்ஞோ தெ பெயேன் என்னும் பிரெஞ்சுக் குரு, அன்னாமிய மாணவர் துணையுடன் அன்னாமிய-இலத்தீன் அகராதி ஒன்றனை 1773-இல் இங்கேயே தொகுத்து முடித்தார். அயல்மொழி ஒன்றன் அகராதி நம் கடற்கரையிற் பிறந்தமை தமிழ் பயில்வார்க்கு வியப்பன்றோ!

அக்குருமடத்தார் எழுத்தறிந்தோர், ஆகவே சுவர் சிதைந்தும் வரலாறு பிழைத்தது. நம் சிற்றூர்க் கோயில்களைக் கட்டிய உழவரும் செம்படவரும் நூலெழுதி வைத்திலர். அவர் நமக்கு விட்டுச்சென்ற ஏடு சுவரே. அச்சுவர் வீழின், அவர் கதையும் உடன் வீழும்.

அச்சுவர்களின் அமைப்பும் அறிவுடையதே. கிளிஞ்சற் சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தரைத்த காறை, ஈரத்தை உட்கொண்டு வெளிவிடும் இயல்பிற்று. அதன்மேற் சிமெண்டு பூசின், உப்பீரம் வெளியேற வழியின்றி உள்ளே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும். உப்புக்காற்று வீசும் கடலோரத்தில் இத்தீங்கு பெரிது. ஆதலின் சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பினாலேயே செப்பனிடல் வேண்டும்.

“சபை பெருகியது, இடம் போதவில்லை, யாது செய்வோம்?” என்பாரும் உளர். அவர் கூற்றும் நியாயமே. மழையில் நனைந்து வழிபடுமாறு எவரையும் வற்புறுத்துவார் யார்? ஆயினும் அருகே புதியதொன்று கட்டுதற்குப் பழையதை அழித்தல் வேண்டுவதில்லை. ஞானஸ்நானத்திற்கும் தனிச்செபத்திற்கும் அச்சிற்றாலயம் என்றும் பயன்படும். இடித்தே தீரவேண்டுமாயின், அதற்கு முன்னரேனும் அதனை அளந்து, படமெடுத்து, பதிவேடுகளைப் பேணி, முதியோர் கூறும் செய்திகளை எழுதிவைத்தல் கடன்.

இக்கடனை ஆற்றத் தகுந்தோர் கல்லூரி மாணவராகிய நாமே. விடுமுறையில் ஊர் செல்லும் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கோயிலின் வரலாற்றை எழுதி வருவோமாக. சுவரை வைத்தன்றோ சித்திரம் எழுதவேண்டும்?