முள் ஏறாத டிராக்டர்: என்ஜின் குளிர்ந்து கிடந்தாலும் கேடுதான்

"எங்களிடம் இருப்பது பழைய டிராக்டர். போன வருடம் என்ஜின் அதிகம் சூடாகிறது என்று காட்டியபோது, 'நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு' என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். இப்போது ஒரு மணி நேரம் ஓட்டினாலும் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதில்லை. ஆனால், டீசல் முன்பைவிட அதிகம் பிடிக்கிறது. ஆயில் அளவும் கூடியதுபோல் தெரிகிறது. மக்காச்சோளம் அடிக்கும் பருவத்துக்குள் சரிசெய்ய வேண்டுமா, இப்படியே ஓட்டலாமா?"
- ஒரு வாசகர், குன்னம் வட்டம், பெரம்பலூர் மாவட்டம்.

இந்தக் கேள்வியில் முதலில் கவனிக்க வேண்டியது முள்ளை அல்ல, ஆயிலை. என்ஜின் ஆயில் நாளாக நாளாகக் குறையலாம், தானாகக் கூடாது. கூடியிருந்தால் வேறு ஏதோ அதில் கலக்கிறது என்று பொருள். டிப் ஸ்டிக்கை எடுத்து விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டீசல் வாடை அடித்து, ஆயில் தண்ணீர்போல் நீர்த்திருந்தால் டீசல் கலந்திருக்கிறது. பால் ஊற்றிய டீபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் பக்கத்துக் கோளாறு. இரண்டில் எதுவாக இருந்தாலும், காரணத்தைச் சரிசெய்து ஆயிலை மாற்றும்வரை டிராக்டரை வேலைக்கு எடுக்கக் கூடாது. நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்கும் கிராங்கும் தேயும்.

டீசல் ஏன் ஆயிலில் இறங்குகிறது? குளிர்ந்த சிலிண்டருக்குள் தெளிக்கப்படும் டீசல் முழுதாக எரிவதில்லை. எரியாத பங்கு லைனர் சுவரில் ஒட்டி, அங்குள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு ரிங் வழியாகக் கீழே இறங்குகிறது. மீதி புகையாகவும் கரியாகவும் போகிறது. நாசில் முனையில் கரி படிகிறது. சைலன்சர் வாயில் கறுப்பாகப் பிசுபிசுப்பு தெரியும். டீசல் கூடுதலாகப் பிடிப்பதும் இதனால்தான். ஃபீட் பம்பின் டயாபிரம் கிழிந்திருந்தாலும் டீசல் ஆயிலில் இறங்கும் என்பதால், அதையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

'நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை' என்ற பேச்சு பெரம்பலூர், அரியலூர் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற ஒன்று. கணக்கு வேறு. சித்திரை வெயிலே 40 டிகிரிதான். என்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் 80 முதல் 90 டிகிரி அளவில் இருந்தால்தான் டீசல் நன்றாக எரியும். அந்தச் சூட்டை எட்டும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்துவது தெர்மோஸ்டாட்டின் வேலை. அதற்குள் மெழுகு அடைத்த சிறு குப்பி இருக்கிறது. மெழுகு உருகி விரியும்போது வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். வாய்க்கால் மடையைத் திறந்து மூடும் ஆள் போல.

மடையை எடுத்துவிட்டால் எப்போதும் குளிர்ச்சி என்றும் நம்ப முடியாது. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். அது இல்லாவிட்டால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். மருந்து அடிக்கும்போதும் காலி டிரெய்லர் இழுக்கும்போதும் முள் கீழே கிடக்கும். நாள் முழுக்கக் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும்போது அதே என்ஜின் கொதிக்கலாம்.

முள் ஏறாததற்குக் காரணத்தைக் கீழ்க்கண்ட வரிசையில் பார்ப்பது நல்லது.

1. தண்ணீர் அளவு: காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டும். தண்ணீர் குறைந்து, சூட்டை அறியும் சென்சார் வெளியே தெரிந்தால், என்ஜின் கொதித்தாலும் முள் ஏறாது. 'முள் கீழேதானே இருக்கிறது' என்று நம்பி ஓட்டி, ஹெட் வளைந்த பிறகு தெரிந்துகொள்வது இப்படித்தான்.

2. மீட்டர்: பழைய வண்டிகளில் என்ஜினிலிருந்து மீட்டருக்கு மெல்லிய செம்புக் குழாய் போகும். அது நசுங்கினாலோ ஒடிந்தாலோ முள் அசையாது; மீட்டரையே மாற்ற வேண்டும். ஒயர் போகும் மீட்டராக இருந்தால் ஒயர், இணைப்பு, சென்சார் மூன்றையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சோதிக்க வேண்டும்.

3. மேல் ஹோஸ்: ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஃபேனிலும் பெல்ட்டிலும் கை படாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் நன்றாக இருந்தால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடேறும். ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது அல்லது உள்ளே இல்லவே இல்லை.

4. பானைச் சோதனை: கழற்றிய தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானியும் வைத்து அடுப்பேற்ற வேண்டும். அதன் மேல் அச்சிட்ட எண்ணை ஒட்டித் திறக்க ஆரம்பித்து, ஆறியதும் முழுதாக மூட வேண்டும். சமையல் பாத்திரத்தை இதற்கு எடுக்கக் கூடாது. புதிதாக வாங்குவதையும் மாட்டுவதற்கு முன் இப்படிப் பார்ப்பது நல்லது.

குன்னம் வாசகருக்கு மூன்றாவது சோதனையின் விடை முன்பே தெரியும்; தெர்மோஸ்டாட் இல்லை. அந்த மாடலுக்கு உரிய எண்ணுள்ள புதியதை, மெழுகுக் குப்பி உள்ள பக்கம் என்ஜினை நோக்கி இருக்கும்படி, புது கேஸ்கட்டுடன் மாட்ட வேண்டும். தண்ணீர் நிரப்பும்போது காற்று உள்ளே தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கூடவே ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

அதோடு வேலை முடியவில்லை. போன வருடம் என்ஜின் ஏன் சூடானது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ரேடியேட்டர் இடுக்கில் சக்கையும் தூசியும், தளர்ந்த ஃபேன் பெல்ட், பழுதான மூடி, உள்ளே படிந்த உப்பு ஆகியவற்றைப் பார்க்காமல் புது தெர்மோஸ்டாட் மாட்டினால், அடுத்த பருவத்தில் அதையும் கழற்றச் சொல்வார்கள். சுண்ணாம்புப் பாங்கான இந்தப் பகுதியில் போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், என்ஜின் உள்சுவரில் உப்பு படியும். சூடு தண்ணீருக்கு இறங்காமல் இரும்பிலேயே தங்கும். முள்ளும் அதைச் சரியாகக் காட்டாது. கூலண்டை நிறுவனம் சொன்ன அளவில் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கலந்து ஊற்றுவதே சரி.

பழைய ஜீப், அம்பாசடர் கார் வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் பார்க்கலாம். பழைய ஐச்சர் டிராக்டர்களில் பல, காற்றால் குளிரும் என்ஜின் கொண்டவை. அவற்றில் ரேடியேட்டரும் இல்லை, தெர்மோஸ்டாட்டும் இல்லை.

"ரேடியேட்டரைக் கழுவும்போது வடித்த பழைய கூலண்டை வரப்போரம் கொட்டலாமா?"
- ஒரு வாசகர், ஆண்டிமடம், அரியலூர் மாவட்டம்.

கூடவே கூடாது. கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது, கடும் விஷம். குட்டையாகத் தேங்கினால் ஆடு, கோழி, நாய் குடித்துவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கும். தட்டு வைத்துப் பிடித்து, மூடியுள்ள கேனில் ஊற்றி, 'விஷம்' என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து, சர்வீஸ் செய்யும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும். குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது ஒருபோதும் வேண்டாம். கால்நடை குடித்துவிட்டது என்று தெரிந்தால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.