டெண்டர் மட்டும் போதுமா?

மும்பை: அரசு ஆஸ்பத்திரியில் "வெளியே வாங்கி வா" என்று எழுதித் தரும் ஒரு சீட்டு, கூலித் தொழிலாளியின் அன்றைய சம்பளத்தை விழுங்கிவிடும். மகாராஷ்டிர அரசு 2017-ல் மருந்துக் கொள்முதலை ஹாஃப்கின் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. தாமதப் புகார்கள் ஓயவில்லை. எனவே 2023-ல் தனி ஆணையத்துக்குச் சட்டம் இயற்றியது.

இதற்கு முன்மாதிரி, தமிழ்நாட்டில் 1994-ல் தோன்றிய மருத்துவப் பணிகள் கழகம். டெண்டர் விட்டு மலிவாக வாங்குவது அங்கே பாதி வேலைதான். மாவட்டக் கிடங்குகளில் மருந்து இருக்கும். ஆஸ்பத்திரிகள் தமக்கு ஒதுக்கிய தொகைக்குள் பாஸ்புக்கில் பதிந்து எடுத்துக்கொள்ளும். தயாரிப்பாளர் பெயரை மறைத்து மாதிரிகள் ஆய்வுக்கூடம் செல்லும்; தேறினால்தான் விநியோகம்.

கிடங்கு, கணக்கு, சோதனை மூன்றும் இங்கேயும் வேரூன்றினால்தான் அந்தச் சீட்டு ஒழியும். ஆணையத்தின் பெயர்ப்பலகை நோயைத் தீர்க்காது.