நாய்க்குட்டிக்கு எலும்பு போடும் முன்



ஞாயிற்றுக்கிழமை ஆனால் நம் புதுச்சேரியில் பிரியாணி வாசம் வராத தெரு குறைவு. சாப்பிட்டு மிஞ்சிய எலும்பைப் பாசத்தோடு நாய்க்குட்டிக்குப் போடுகிறோம். அந்தப் பழக்கத்தை அடியோடு விட வேண்டும் என்பது என் கருத்து.

வெந்த எலும்பு எளிதில் நொறுங்கும். கடித்தால் ஊசி போலச் சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கோழியானாலும் ஆடானாலும் இதே கதைதான்.

அதற்காக, கடிக்கிற குட்டியை அடிக்காதீர்கள். அதற்குப் பால்பற்கள் 28. மூன்று நான்கு மாதத்தில் அவை விழத் தொடங்கி, ஏழு மாத வாக்கில் 42 பற்கள் வந்துவிடும். ஈறு குறுகுறுக்கும்போது எதையாவது கடித்தே தீரும். செருப்பு கிடைத்தால் செருப்பு.

கடையில் விற்கும் தோல் எலும்பும் வேண்டாம். அது ஊறிப் பெருத்துத் தொண்டையை அடைக்கலாம். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற, வாய்க்குள் முழுதாக நுழையாத ரப்பர் பொம்மை நல்லது. செலவில்லாத வழியும் உண்டு: பழைய துண்டை நனைத்து முறுக்கி, ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள். பக்கத்திலேயே இருங்கள், நூல் பிரிந்தால் வாங்கிவிடுங்கள்.

எலும்பை விழுங்கிவிட்டால் கைவைத்தியம் பார்க்காமல் குரும்பாபேட் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தெருநாய்க்கும் இதே தொண்டைதான். எலும்புக்குப் பதில் ஒரு பிடி வெறும் சோறு வையுங்கள்.